ஆலை வண்டி வரும் ஊருக்கு அரசு வண்டி வராதா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

ஓசூர் வளர்ந்திருக்கிறது என்பதை மறுப்பார் இலர். 1971-ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தோன்றி, தன் தொடக்ககாலத் தொழில் வளாகங்களுள் ஒன்றை இங்கே அமைத்தபோது இது கேழ்வரகும் கொள்ளும் விளைந்த வானம் பார்த்த பூமி. 1980-ல் அசோக் லேலண்டு தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. 1984-ல் பிறந்த டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகாரங்களை இங்கேதான் செய்யத் தொடங்கிற்று. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. விழா மேடைகளில் கேட்டுக் கேட்டு இந்த வரலாறு நம் அனைவருக்கும் மனப்பாடம். என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆண்டு பிசகாமல் சொல்வேன்.

ஆனால் நம் வகுப்பறைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அங்கே அமர்ந்திருப்பவர்களில் ஓசூர் நகரத்தார் எத்தனை பேர்? தளி, பாகலூர், பேரிகை, சூளகிரி, வேப்பனப்பள்ளி, இராயக்கோட்டை, கெலமங்கலம், அஞ்செட்டி என்று பெயர் சொல்லத் தொடங்கினால் வருகைப் பதிவேடே நிறைந்துவிடும். அந்தப் பெயர்களும் பேருந்துப் பலகையில் எழுதப்படும் பெரிய பெயர்கள்தாம். அவற்றுக்கும் உள்ளே, பலகையில் எழுதப்படாத சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள் நம்மில் பாதிப்பேர் இருப்போம். ஓசூரின் வளர்ச்சி பற்றிப் பேச மேடைகள் உண்டு. அந்தச் சிற்றூர்களில் மாலைப் பேருந்து வந்ததா, தொட்டியில் எந்தத் தண்ணீர் ஏறியது, செவிலியர் என்றைக்கு வருவார் என்று பேச ஒரு மேடை உண்டா? இவையெல்லாம் ஒரு பொருளா என்று சிலர் நகைக்கலாம். ஓர் ஊரில் குடியிருப்பதா, விட்டுப் போவதா என்று ஒரு குடும்பம் முடிவு செய்வது இத்தகைய சின்னஞ்சிறு செய்திகளை வைத்துத்தான் என்பது என் கருத்து.

எங்கள் ஊர் கெலமங்கலத்திற்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையே, பெரிய சாலையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்தள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் சொல்லப்போவது அந்த ஓர் ஊரின் கதை மட்டுமன்று. ஏறத்தாழ 200 வீடுகள். எங்கள் வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம், ஓர் அங்கன்வாடி, ஒரு மேல்நிலைத் தொட்டி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் பகுதிநேர ரேஷன் கடை, இரண்டு பெட்டிக்கடைகள், ஒரு மாரியம்மன் கோயில். அஞ்சலகம் பக்கத்து ஊரில். துணைச் சுகாதார நிலையம் அதற்கும் அப்பால். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

எங்கள் ஊருக்கு நாள்தோறும் தவறாமல் வரும் பேருந்து ஒன்று உண்டு. அது அதிகாலை 5 மணிக்கு அரச மரத்தடியில் வந்து நிற்கும். உள்ளே விளக்கெரியும், இருக்கைகள் மெத்தென்று இருக்கும், கண்ணாடிகள் உடையாமல் இருக்கும். பொழுது விடிந்தபின் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்று வேலை முறைக்குத் தக்கபடி மீண்டும் வரும். மழை பெய்தாலும் வரும். பண்டிகை நாளிலும் வரும். அது ஆலை வண்டி. எங்கள் ஊரிலிருந்து ஏறும் பன்னிரண்டு பெண்களுக்காக அது 3 கிலோமீட்டர் உள்ளே வந்து போகிறது. பன்னிரண்டே பேர்!

அரசுப் பேருந்து காலை 7.10-க்கு ஒரு நடை வருகிறது. மாலையில் 5.30-க்கு ஒரு நடை இருந்தது. கொரோனாக் காலத்தில் நின்ற அந்த நடை, நோய் போன பின்னும் திரும்பவில்லை. செய்முறை வகுப்பு முடித்து நான்கரை மணிக்குக் கல்லூரியை விட்டுப் புறப்பட்டால், வண்டி மாறி எங்கள் ஊர்த் திருப்பத்தில் இறங்க ஆறரை ஆகிவிடும். மார்கழியில் ஆறரை என்றால் இருட்டு. அங்கிருந்து நடை. அந்த மூன்று கிலோமீட்டரை வெறும் மூன்று கிலோமீட்டர் என்று நகரத்து நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு எங்களுக்கு வெகு தொலைவில் இல்லை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் கூட்டமாக இறங்கும். வனத்துறையினர் ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டு போவார்கள். அந்த எச்சரிக்கையைக் கேட்டபடி புத்தகப் பையோடு நடந்திருக்கிறேன். நடக்காதவர்க்கு அது விளங்காது.

என் சித்தி மகள் என்னைவிட ஓராண்டு இளையவள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் வாங்கிய மதிப்பெண் என்னுடையதைக் காட்டிலும் அதிகம். கணக்கில் புலி. இன்று அவள் அந்த ஐந்து மணி வண்டியில் ஏறிப் போகிறாள். ஏன் என்று கேட்டேன். "ஆலை வண்டி வாசலுக்கு வருது அக்கா. காலேஜுக்குப் போனா ராத்திரி திருப்பத்திலிருந்து நடக்கணும். அப்பா எதுக்குச் சம்மதிப்பார், நீயே சொல்லு" என்றாள். சித்தப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தந்தையாரிடம் ஒரு பழைய மொபெட் இருக்கிறது. மாலைதோறும் அவர் திருப்பத்துக்கு வந்து நிற்கிறார். அவர் வேலைக்குப் போயிருக்கும் நாளில்தான் நான் நடக்கிறேன். சித்தப்பாவிடம் மொபெட் இல்லை. எங்கள் இருவரில் யார் பட்டதாரி ஆவது என்பதை மதிப்பெண் தீர்மானிக்கவில்லை. ஒரு மொபெட் தீர்மானித்தது.

ஆலையை நான் பழிக்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டா. ஆலை வந்திராவிட்டால் அந்தப் பன்னிரண்டு பெண்களும் ரோஜாத் தோட்டத்திலோ தக்காளிக் காட்டிலோ நாட்கூலிக்குக் குனிந்திருப்பார்கள். என் தங்கை தன் சம்பளத்தில் சித்திக்குக் கண் அறுவை செய்வித்திருக்கிறாள். வீட்டுக்கு ஓட்டை மாற்றித் தளம் போட்டிருக்கிறாள். அவள் உழைப்பில் எனக்குப் பெருமை உண்டு. எனக்குள்ள கேள்வி வேறு. ஆலைக்குப் போகவும் வண்டி, கல்லூரிக்குப் போகவும் வண்டி என்று இரண்டும் வாசலுக்கு வந்து, அவள் ஆலையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது தேர்வு. ஒரே ஒரு வண்டி வரும் இடத்தில் தேர்வு ஏது?

அரசு நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் பொய்யாகிவிடும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஏற்பாடாயிற்று. மாணவர்க்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. இவற்றின் அருமையை என்னைப் போன்றவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நான் அறிவியல் மாணவியாயிற்றே, கணக்குப் போடாமல் இருக்க முடிவதில்லை. வராத பேருந்தில் கட்டணம் இல்லாவிட்டால் என்ன, இருந்தால் என்ன? திருப்பத்திலிருந்து ஊருக்கு ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். போக 20, வர 20. மாதத்தில் 24 நாள் கல்லூரி. பெருக்கிப் பாருங்கள்: 960 ரூபாய். ஆயிரத்தில் மிச்சம் நாற்பது. ஒரு கையால் அரசு கொடுத்த உதவித்தொகை, அரசுப் பேருந்து வராத காரணத்தால் ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. ஆட்டோ ஓட்டும் அண்ணனும் எங்கள் ஊர்க்காரர்தான் என்பது ஓர் ஆறுதல்!

மாலை நடையை ஏன் நிறுத்தினீர்கள் என்று நாங்கள் கேட்டபோது கிடைத்த விடை, "போதிய பயணிகள் இல்லை" என்பது. இந்த விடையைச் சிறிது ஆராய வேண்டும். பேருந்து என்றைக்கு வரும், என்றைக்கு வராது என்று தெரியாத ஊரில் யார் அதை நம்பிக் காத்திருப்பார்? வசதியுள்ளவர் இரு சக்கர வண்டி வாங்கிவிடுகிறார். வசதியற்றவர் போகாமலே இருந்துவிடுகிறார். பிறகு வந்து எண்ணினால் ஆள் குறைவாகத்தான் இருப்பர். நாற்றுக்குத் தண்ணீர் விடாமல் காயப்போட்டு, இந்த நிலத்தில் விளைச்சல் இல்லை என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பேருந்தில் ஏறியவரை எண்ணுகிறார்கள். பேருந்து இல்லாததால் வீட்டில் இருந்துவிட்டவளை எண்ணும் ஏடு எந்த அலுவலகத்திலும் இல்லை.

பேருந்துக்கு மட்டுமா இந்தத் தலைக்கணக்கு? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாட்டு வழக்கம். எங்களைப் போன்ற ஐந்தாறு சிற்றூர்களைச் சேர்த்தால்தான் ஒரு நிலையத்துக்குக் கணக்கு வரும். நிலையம் அவற்றில் ஏதோ ஓர் ஊரில் இருக்கும். மற்ற ஊர்களின் கர்ப்பிணிகள் நடக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழகம் முழுமைக்கும் தொடங்கி வைத்த இடம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்பது நமக்கெல்லாம் பெருமை. எங்கள் அவ்வாவுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை அந்தத் திட்டத்தில்தான் வீட்டுக்கு வந்தது. மருத்துவம் மக்களைத் தேடி வர முடியுமானால், மற்றவையும் வர முடியும் என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

அஞ்சலகக் கதையும் இதுவே. இந்தியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உண்டு. பெரும்பாலானவை கிராமங்களில் உள்ளவை. அவற்றிலும் பெரும்பாலானவை நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும் கிளை அஞ்சலகங்கள். எங்களுக்குக் கடிதம் கொண்டுவரும் அண்ணன் சைக்கிளில் நான்கு ஊர்களைச் சுற்றுகிறார். கடிதம் யார் எழுதுகிறார்கள் இந்தக் காலத்தில் என்று கேட்பவர் உண்டு. வேலைக்கான அழைப்பு, வங்கி அட்டை, நீதிமன்ற அறிவிப்பு, ஆதார் அட்டை இவையெல்லாம் இன்னும் தபாலில்தானே வருகின்றன? அவ்வாவின் முதியோர் பணத்தைப் பற்றியும் அவரிடம்தான் முதலில் கேட்போம். அவர் வெறும் தபால்காரர் அல்லர்; நாங்கள் நம்பும் அரசாங்கம் அவர். அவர் சைக்கிள் பழுதானால் நான்கு ஊர்களுக்கு அரசாங்கம் அன்று விடுமுறை.

இவ்விடத்தில் வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். கம்பளி ஆடுகளும் மலைகளும் மழையும் நிறைந்த ஸ்காட்லாந்து நாட்டில், எங்கள் ஊரைவிடச் சிறிய ஊர்கள் ஏராளம். அங்கேயும் பேருந்து கட்டுப்படியாகாது என்றார்கள். ஆனால் தபால் போய்த்தானே ஆகவேண்டும்? அப்படியானால் தபால் வண்டியிலேயே நாலைந்து இருக்கை போட்டு ஆளையும் ஏற்றிக்கொள்வோம் என்று 1968-ல் தொடங்கினார்கள். ஒரே ஓட்டுநர், ஒரே எண்ணெய்ச் செலவு. தபாலும் போயிற்று, பாட்டியம்மாளும் மருத்துவமனைக்குப் போனாள். 2017-ல்தான் அந்தச் சேவையின் கடைசி வண்டி நின்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு! இறுதியில் அங்கும் நின்றுதான் போயிற்று என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வியை நோக்குங்கள். ஆள் குறைவாக இருக்கிறார்கள், ஆகவே எதை மூடலாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எப்படியும் போகப் போகிற வண்டி எது, அதில் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று கேட்டார்கள்.

எங்கள் ஊருக்கு எப்படியும் வரப்போகிற வண்டி எது? அது ஆலை வண்டி. விடியற்காலையில் பெண்களை ஏற்றிப் போகிறது; மாலை முறை முடிந்து அவர்களை இறக்கிவிட வருகிறது. எங்கள் திருப்பத்தைக் கடக்கையில் அதில் பாதி இருக்கைகள் காலியாக இருப்பதை நான் என் கண்ணால் எண்ணியிருக்கிறேன். அதே நேரத்தில் அதே திருப்பத்தில் நாங்கள் பைகளோடு நிற்கிறோம். வண்டியின் விளக்கொளி எங்கள் மேல் பட்டு விலகுகிறது. ஓட்டுநர் எங்கள் முகம் தெரிந்தவர்தான். ஏற்ற முடியாதம்மா என்று கைகாட்டிவிட்டுப் போகிறார்.

அவர்மீது குற்றம் இல்லை. ஒப்பந்த அனுமதியில் ஓடும் வண்டி வேறு. வழியில் நிறுத்தித் தனித்தனியே கட்டணம் வாங்கி ஆளேற்றும் வண்டி வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீடு யார் பொறுப்பு என்ற கேள்வியும் உண்டு. முன்பின் தெரியாதவர் ஏறினால் இரவு வேலை முடிந்து வரும் பெண்களின் பாதுகாப்பு என்னாவது என்று ஆலையினர் கேட்டால் அதுவும் நியாயமே. இந்தத் தடைகளை நான் அறிவேன். அறிந்தேதான் சொல்கிறேன்: கட்டணம் வாங்காமல், அடையாள அட்டை உள்ள கல்லூரி மாணவியரை மட்டும், அந்தந்த ஊர்ப் பட்டியலின்படி, மாலை நடையில் ஏற்றிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகமும் ஆலைகளும் அமர்ந்து பேசி வகுக்க முடியாதா? சட்டத்தில் திருத்தம் வேண்டுமென்றால் திருத்தம் கேட்போம். காப்பீடு வேண்டுமென்றால், சமூகப் பொறுப்பு நிதி என்று சொல்லிப் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறார்களே, அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கட்டும். சுவரிலே வண்ணம் குறைந்தாலும் குற்றமில்லை.

இது ஆகாதென்றால் இன்னொரு வழியுண்டு. 1997-ல் தமிழகத்தில் சிற்றுந்துகள் வந்தன. பேருந்து காணாத ஊர்களுக்கென்றே வந்தவை அவை. பின்னர் 2025-ல் புதிய விரிவான சிற்றுந்துத் திட்டம் தொடங்கிற்று. தனியார் ஓட்டும் வண்டியாதலால் ஆதாயமுள்ள தடத்தைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள், அது இயற்கை. ஆலை வேலை முறை மாறும் நேரமும் கல்லூரி விடும் நேரமும் ரேஷன் கடை திறக்கும் நாளும் ஒன்றாகப் பொருந்தும்படி ஒரு கால அட்டவணை அமைத்தால், எங்கள் தடமும் ஆதாயத் தடமாகலாம். இப்போது ரேஷன் கடை திறப்பது ஒரு நாள், செவிலியர் வருவது வேறொரு நாள், சந்தை மற்றொரு நாள். ஒரு துறையின் நாட்காட்டி அடுத்த துறைக்குத் தெரியாது. இந்த மூன்றையும் ஒரே நாளில் வைத்தால், அந்த ஒரு நாளுக்காவது வண்டி நிறையும். இதற்குப் பணம் வேண்டாம். மூன்று அலுவலர்கள் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். அதுதான் அரிதாக இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேதியியல் படித்துவிட்டு அதைச் சொல்லாமல் போவது முறையன்று. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. எங்கள் அவ்வாவின் தலைமுறையில் பழுப்புக் கோடு விழாத பல்லைக் காண்பது அரிது. அதை நாங்கள் வம்சத்தின் அடையாளம் என்று எண்ணியிருந்தோம். முதலாண்டு வேதியியல் வகுப்பில்தான் அது தண்ணீரின் அடையாளம் என்று கற்றேன். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு போகலாகாது என்பது வரம்பு. இதை நீக்கத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் எங்கள் தொட்டிக்கும் ஏறிற்று. அது உண்மையிலேயே பெரும்பணி. அதைச் செய்தவர்களை வாழ்த்துகிறேன்.

ஆனால் ஒகேனக்கல் நீர் குறைந்த நாட்களில் என்ன நடக்கிறது? பழைய ஆழ்குழாய்க் கிணற்று நீரை அதே தொட்டியில் ஏற்றுகிறார்கள். தண்ணீர் விடும் அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டி காலியாக இருந்தால் பெண்கள் அவரைத்தான் கேட்பார்கள். என் வேண்டுகோள் மிகச் சிறிது. இன்று ஏறியது காவிரி நீரா, கிணற்று நீரா, இரண்டும் கலந்ததா என்று தொட்டியின் கீழே ஒரு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான். எழுதியிருந்தால், கலந்த நாளில் சிறு பிள்ளைகளுக்காவது முன்னாள் பிடித்து வைத்த நீரைக் கொடுக்கலாம். காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பல தாய்மார்கள் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். 1,900 கோடி ரூபாய்த் திட்டத்தின் கடைசிக் கண்ணியாக ஒரு சுண்ணக்கட்டி தேவைப்படுகிறது.

இவற்றையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? நம் பாட்டன்மார் காலத்தில் ஊருக்கு ஒரு முன்சீப் இருந்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த இராஜாஜியின் தந்தையார் அவ்வூர் முன்சீப்தான். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980-ல் அரசு ஒழித்தது. பிறப்பால் வரும் அதிகாரம் போனது சரியே. எங்களைப் போன்றவர்கள் அந்தத் திண்ணையருகே நின்றிருக்கவும் முடியாது என்று அவ்வா சொல்வார். அவருக்குப் பின் கிராம சபை என்று ஒன்று வந்தது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஆண்டில் நான்காக இருந்த கூட்டங்கள் 2022-ல் ஆறாயின: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நமக்கோ இவற்றுள் பல விடுமுறை நாள்கள். அல்லது கல்லூரியில் கொடியேற்றும் நாள்கள். மேடையில் நின்று ஊராட்சி பற்றிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய நண்பர்கள் பலர், தங்கள் ஊர்க் கூட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே படிக்காத பெரியவர்கள் கைநாட்டு வைக்க, வாசிக்கத் தெரிந்த நாம் பட்டணத்தில் இருக்கிறோம்.

நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. தலைவரில்லாத ஊராட்சியில் கூட்டம் கூட்டி என்ன பயன் என்று எங்கள் ஊரில் சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் மாறுபடுகிறேன். தலைவர் இருந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டோம். சொன்னதற்குச் சான்று கிடையாது. தலைவர் இல்லாதபோதுதான் தீர்மானப் புத்தகத்தின் அருமை தெரிகிறது. புத்தகத்தில் ஏறிய சொல் ஆள் மாறினாலும் அழியாது.

சென்ற அக்டோபர் 2-ஆம் நாள் எங்கள் கிராம சபையில் நானும் இன்னும் நால்வரும் எழுந்து பேசினோம். என் தங்கை அன்று விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் சம்பளம் போயிற்று. தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை, கால் நடுங்கிற்று. மாலை நடை வேண்டும், தொட்டியடியில் கரும்பலகை வேண்டும், ரேஷன் நாளும் செவிலியர் நாளும் ஒன்றாக வேண்டும் என்ற மூன்று தீர்மானங்கள் எழுதப்பட்டன. கையொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கரும்பலகை வந்துவிட்டது. எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்திருக்கிறோம், அவன் பாதி நாள் எழுதுகிறான். பேருந்து பற்றிய மனுவுக்கு, பயணிகள் எண்ணிக்கை ஆய்வு செய்யப்படும் என்று விடை வந்தது.

எண்ணிக்கைதானே வேண்டும்? நாங்களே எண்ணுகிறோம். திருப்பத்துப் பெட்டிக்கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். மாலை 4 முதல் 8 வரை இறங்கி நடப்பவர், ஆட்டோவில் போவவர், மொபெட்டுக்காகக் காத்திருப்பவர் எல்லோரும் நேரம் குறித்துக் கோடு போடுகிறார்கள். கடைக்கார அக்கா எழுதத் தெரியாதவர்களுக்குத் தாமே போடுகிறார். தீபாவளிக்கு மறுவாரத் திங்களன்று மட்டும் 31 கோடுகள் விழுந்தன. கல்லூரிக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வண்டி இல்லாத காரணத்தால் போகாதவர்களுக்கென்று கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். அந்தப் பக்கத்தில் பெயர் எழுத முதலில் யாரும் முன்வரவில்லை. என் தங்கைதான் முதல் வரியில் எழுதினாள். இப்போது ஏழு பெயர்கள் இருக்கின்றன.

தோழர்களே, உங்கள் ஊர்த் திருப்பத்திலும் ஒரு பெட்டிக்கடை இருக்கும். பேரிகை, அஞ்செட்டி, வேப்பனப்பள்ளித் தடங்களில் வரும் மாணவ மாணவியர் தத்தம் ஊரின் கடைசிப் பேருந்து நேரத்தையும், ஆலை வண்டி வரும் நேரத்தையும், திருப்பத்திலிருந்து ஊருக்குள்ள தொலைவையும் ஒரு தாளில் எழுதி எனக்குத் தந்தால், எல்லாத் தடங்களையும் ஒரே அட்டவணையாக்கி, அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன்னர் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அட்டவணை வரைய எங்கள் புள்ளியியல் பேராசிரியர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மதிய இடைவேளையில் வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் இருப்பேன். நான்கரைக்கு மேல் வர வேண்டாம். வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன்.